பிள்ளைகள் சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!

கொம்பனித்தெருவின் ஒடுங்கிய சந்துகளிலிருந்து காலை ஆறரை மணிக்கெல்லாம் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் புறப்பட்டுவிடுகின்றனர். தமிழர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர் ஆகிய நான்கு சமூகத்தவரின் பிள்ளைகளும் தோளோடு தோள் உரசி நடக்கும் தெரு அது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் ஆங்கிலேயர் அதனை அடிமைத் தீவு என்றே அழைத்தனர். இன்று வாவிக்கரை எங்கும் வானளாவும் மாடங்கள் எழுந்துள்ளன. 2022 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் இரவில் ஒளி வீசி நிற்கிறது. ஆனால், அவ்வொளி எட்டும் தொலைவிலுள்ள ஒரு சந்தில், ஓர் அறையே வீடாக அமைந்த இடத்தில் வாழும் ஏழாந் தரத்துப் பிள்ளை நேற்றிரவு எத்தனை மணிக்கு உறங்கிற்று? காலையில் ஏதேனும் உண்டதா? தன் மனக்குறையை எடுத்துச் சொல்ல அதற்கு ஒருவரேனும் உளரா?

இக்கேள்விகளுக்கு விடை கூற வல்லார் யார்? அப்பிள்ளை கணிதத்திற் பெற்ற புள்ளி பாடசாலைக்குத் தெரியும். இத்தவணையில் எத்தனை நாள் வரவில்லை என்பது தெரியும். ஐந்தாந் தரப் புலமைப் பரிசிற் பரீட்சையில் வெட்டுப் புள்ளியை எட்டியதா, எட்டாது போயிற்றா என்பதும் தெரியும். பிள்ளையின் மூளையை எடை போட நம்மிடம் பரீட்சைகள் பல உள. அதன் மனத்தை வினவ நாம் நேரம் ஒதுக்குவதில்லை.

வினவியவர் எவருமே இலர் என்று சொல்வதற்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு சுகாதார அமைச்சும் கல்வி அமைச்சும் பாடசாலை மாணவரிடையே சுகாதார ஆய்வினை 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நடத்தின. 2016 ஆம் ஆண்டு ஆய்வில் 8 ஆம் தரம் முதல் 12 ஆம் தரம் வரை பயிலும் 3,262 மாணவர் பங்குபற்றினர். பிள்ளைகள் தம் பெயரை எழுத வேண்டியதில்லை. வகுப்பில் அமர்ந்து, வினாத்தாளை வாசித்து, தாமே விடை குறித்தனர். உணவு, உறக்கம், தனிமை, நட்பு, தாக்குதல், கேலி வதை, மனத்துயர் ஆகிய யாவும் அங்கே வினவப்பட்டன.

2024 ஆம் ஆண்டு ஆய்வு தந்த விடைகளைக் கேளுங்கள். நூற்றுக்கு 22.4 மாணவர் தாம் தனிமையில் வாடுவதாகக் கூறினர். நூற்றுக்கு 18 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. கவலையால் உறக்கமிழந்தோர் நூற்றுக்கு 11.9 பேர். நெருங்கிய நண்பர் ஒருவர்தானும் இல்லாதோர் 7.5 பேர். இவை எவரோ ஊகித்துச் சொன்ன எண்கள் அல்ல. நம் பிள்ளைகள் தம் கைப்பட எழுதித் தந்த வாக்குமூலம்.

அவ்வாக்குமூலம் இப்போது எங்கே இருக்கிறது? அதிகாரிகள் பத்திரிகையாளரைக் கூட்டி எடுத்துரைத்தனர். பத்திரிகைகள் ஒரு நாள் தலைப்பிட்டு எழுதின. பெரியோர் அந்தோ என்று வருந்தினர். பின்னர் அது அறிக்கையாகி அலுமாரிக்குள் அமைதி கொண்டது. அமைச்சர் அறிந்தார், ஆலோசகர் அறிந்தார், நிபுணர் அறிந்தார். விடை தந்த பிள்ளையிடம் அவ்விடையைத் திருப்பிக் கொண்டு செல்ல வேண்டும் என்று எண்ணியவர் எத்தனை பேர்? பாடத்திட்டத்தில் அதற்கென ஓர் இடத்தை நாம் காணவில்லை.

அந்த இடம் வேண்டும் என்பதே எமது கோரிக்கை. மாணவர் நல ஆய்வின் முடிவுகள் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள வகுப்புகளில் பாடமாக வைக்கப்படல் வேண்டும். புதிதாக ஒரு பாடத்தைச் சேர்த்துப் புத்தகப் பையின் சுமையைக் கூட்டச் சொல்கின்றோம் அல்லோம். இருக்கின்ற பாடங்களுக்குள் இந்த எண்களைக் கொண்டு வாருங்கள் என்கின்றோம்.

ஏன் இந்த வயது?

ஐந்தாந் தரம் முடிந்ததும் பிள்ளையின் உலகம் மாறிவிடுகின்றது. புலமைப் பரிசிற் பரீட்சையில் தேறியது வேறு பாடசாலைக்குச் செல்கிறது. தேறாதது பழைய வகுப்பில் எஞ்சி நின்று, தன்னைத் தோல்வியுற்றவனாக எண்ணத் தலைப்படுகின்றது. ஓர் ஆசிரியையின் நிழலில் வளர்ந்த பிள்ளை இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியராகப் பலரைக் காண்கிறது. யாரிடம் போய் மனம் விட்டுப் பேசுவது? உடலும் வளர்கின்றது, நாணமும் வளர்கின்றது, தாயிடம் சொன்னவை எல்லாம் இனிச் சொல்லத் தகாதவை ஆகின்றன. இவ்வளவு மாற்றமும் நிகழும் பருவத்தில், தனக்கு நேர்வது தனக்கு மட்டுமே நேர்வதாகப் பிள்ளை நம்பிவிடுகின்றது. அந்த நம்பிக்கைதான் நஞ்சு.

நாற்பது பேர் உள்ள வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 22.4 என்னும் விகிதப்படி கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்பது பேர் தனிமையில் வாடுபவர். நூற்றுக்கு 7.5 என்னும் விகிதப்படி மூவருக்கு நெருங்கிய நண்பர் இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒவ்வொருவரும் தான் ஒருவனே இவ்வாறு இருப்பதாக எண்ணிக் கடைசி வாங்கில் மௌனமாக அமர்ந்திருக்கக்கூடும். கரும்பலகையில் அந்த எண் எழுதப்படும் நாளிலே, நீ தனித்தவன் அல்லன் என்று பெயர் சொல்லாமலே அவர்களிடம் சொல்லியாயிற்று. மற்ற முப்பத்தொருவரும், தம் பக்கத்தில் இருப்பவன் அவர்களுள் ஒருவனாக இருக்கலாமே என்று ஒரு கணம் நின்று நினைப்பர். அடுத்த இடைவேளையில் ஒருவன் மற்றொருவனை ஆட்டத்துக்கு அழைப்பானாயின், அந்த ஆய்வுக்குச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை என்போம்.

எண்ணுவது எதற்காக?

எண்ணிக்கையின் பெருமையை அறியாத மக்கள் அல்லர் நாம். 1901 ஆம் ஆண்டில் இலங்கையின் குடிசன மதிப்பை நடத்தி, அதன் அறிக்கையை எழுதியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவர் எண்ணியதோடு அமைந்துவிடவில்லை. 1915 ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கம் தோன்றக் காரணராயினார். 1919 ஆம் ஆண்டில் தொழிலாளர் நலன் பேணும் சங்கத்தை அமைத்தார். மக்களை எண்ணத் தெரிந்தவர் மக்களுக்காக எழுந்து நின்றார். எண்ணுவதும் ஏழைக்கு இரங்குவதும் இருவேறு தொழில்கள் அல்ல என்பதை அவர் வாழ்வு காட்டிற்று.

பிற்காலத்து உதாரணமும் ஒன்றுண்டு. 1995 ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 47 பேர் என்னும் அளவுக்கு இந்நாட்டில் தற்கொலை மலிந்திருந்தது. உலகிலேயே மிக மோசமான நிலைகளுள் அதுவும் ஒன்று. நாட்டின் தலைவிதி என்று அதனை விட்டுவிடாமல், மருத்துவர்களும் அதிகாரிகளும் எண்களை வரிசைப்படுத்தி ஆராய்ந்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தமையே உயிரிழப்பு மிகுந்ததற்குப் பெருங் காரணம் எனத் தெளிந்தது. கொடுமை மிக்கவை ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எண்ணி, காரணம் கண்டு, கை நீட்டிச் செயற்பட்டதாற் பிழைத்த உயிர்கள் ஆயிரக்கணக்கானவை.

கடல் கடந்த நாடொன்றில் இதனை வகுப்பறைக்கே கொண்டு சென்றுள்ளனர். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அப்பெயர் கொண்ட பல்கலைக்கழகத்தார், நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் நல ஆய்வு நடத்துகின்றனர். எத்தனை நாள் காலை உணவு உண்கிறாய், நன்றாக உறங்குகிறாயா, பாடசாலையில் உன்மேல் அக்கறை கொண்ட பெரியவர் உண்டா, பாடசாலை விட்ட பின் நீ விரும்பிச் செய்வது என்ன என்பன போன்ற கேள்விகளே அவை. நோய் எது என்று மட்டும் தேடாமல், பிள்ளையைத் தாங்கி நிற்பது எது என்றும் தேடுகின்றனர். முடிவுகள் பாடசாலைக்கும் அயலவர்க்கும் தனித்தனியே திரும்பி வருகின்றன. அவற்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுமாறு ஆசிரியர் ஊக்குவிக்கப்படுகின்றனர். கனடாவாற் செய்ய முடிந்ததைச் செய்வதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மனமும் இருந்தாற் போதும்.

வகுப்பறையிற் செய்யத் தக்கது

ஏழாந் தரத்துக் கணித வகுப்பைப் பாருங்கள். நூற்றுவீதம் கற்பிக்கப்படுகிறது, சலாகை வரைபு கற்பிக்கப்படுகிறது. மாம்பழம் விற்ற வியாபாரியின் இலாபத்தையே எத்தனை காலம் கணக்கிட்டுக்கொண்டிருப்பது? தன் வயதொத்த பிள்ளைகள் எத்தனை பேர் உறக்கமின்றி வருந்துகின்றனர் என்பதை வரைபாக்கச் சொல்லுங்கள். பென்சிலைப் பிடித்த கை அப்போது வேறு விதமாக நடக்கும்.

அதன் பின்னர் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த எண் நம்மைப் பற்றியதா? நாடு முழுவதிலும் தெரிந்தெடுத்த சில பாடசாலைகளிற் பெற்ற விடை, கொம்பனித்தெருவின் இந்த வகுப்புக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லுமாயின், அந்தப் பிள்ளை கணிதத்தில் ஓர் உயர்ந்த உண்மையைக் கண்டுகொண்டது. மாதிரி என்பது என்ன, அதிலிருந்து எவ்வளவு துணிந்து கூறலாம், எவ்விடத்தில் வாய் மூடி நிற்க வேண்டும் என்பவற்றை அறிந்தவன், நாளை தேர்தற் காலத்தில் எவரேனும் எண்களைக் காட்டி மயக்க முயன்றால் மயங்கமாட்டான்.

அப்படியானால் நம் வகுப்பை நாமே வினவிப் பார்ப்போம் என்பது அடுத்த படி. நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினாய்? இன்று காலை உண்டாயா? வீட்டுப்பாடம் செய்ய அமைதியான ஓர் இடம் உண்டா? விளையாட இடம் உண்டா? இப்பாடசாலையில் நீ தயங்காமற் பேசக்கூடிய பெரியவர் ஒருவரேனும் உண்டா? பெயரில்லாத துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, பெட்டியிற் போட வேண்டியதுதான். எண்ணுவதும் வரைவதும் பிள்ளைகளின் வேலை.

அவ்வரைபிலிருந்து எத்தனையோ வெளிப்படும். வீட்டில் இரைச்சல் ஓய்ந்த பின்னரே படிக்க முடிகிறது, அதனாலேயே உறக்கம் குறைகிறது என்று தெரியவரலாம். அப்போது பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் வாசிகசாலையைத் திறந்து வைத்தால் என்ன என்ற எண்ணம் பிறக்கும். ஐந்து ஆசிரியர்கள் ஒரே நாளில் ஐந்து வீட்டுப்பாடங்களைக் கொடுத்துவிடுகின்றனர் என்பது தெரியவந்தால், ஆசிரியர் தமக்குள் நாட்களைப் பகிர்ந்துகொள்ளலாம். விளையாட இடமில்லை என்று பலரும் எழுதினால், மாநகர சபைக்கு விண்ணப்பம் எழுதுவதே அவ்வாரத்துத் தமிழ்ப் பாடமாகட்டும். உத்தியோக முறைக் கடிதம் எழுதப் பழக்குகின்றோமே, அது இல்லாத ஊரின் இல்லாத அதிகாரிக்கு ஏன் எழுதப்பட வேண்டும்? சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடத்தில் உறக்கமும் உணவும் உடம்பையும் மனத்தையும் எவ்வாறு தாங்குகின்றன என்று பேசலாம். குடியியற் கல்வியில், ஒரு குறையைக் கண்ட குடிமகன் எவ்வழியில், எவரிடம் முறையிடுவது என்று பேசலாம். நான்கு பாடங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்து நிற்கும்.

கொம்பனித்தெருப் பிள்ளைக்கு இது மேலும் ஒரு காரணத்தால் அவசியமாகின்றது. 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டதை அவ்வூரார் மறந்திலர். நகரை அழகுபடுத்தும் பெயரால், கொழும்பின் பல சந்துகளில் வாழ்ந்தோர் வடகொழும்பின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். காணியின் பெறுமதி கணக்கிடப்பட்டது; சதுர அடி கணக்கிடப்பட்டது. பழைய தோழரைப் பிரிந்து, புதிய மாடியின் எட்டாந் தட்டில், கீழே இறங்கி விளையாடத் தாய் அனுமதிக்காத பிள்ளையின் தனிமையைக் கணக்கிட்டவர் யார்? அந்தக் கணக்கு எழுதப்பட வேண்டுமானால் பாடசாலையிலேதான் எழுதப்படலாம்.

தடை கூறுவோர்க்கு

பிள்ளைகளிடம் துயரத்தைப் பற்றிப் பேசினால், இல்லாத துயரத்தையும் உண்டாக்கிவிடுவோமே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆதலால் எல்லையை வகுத்துக்கொண்டு நடப்பதே முறை. உறக்கம், உணவு, நட்பு, விளையாட்டு, துணை நிற்கும் பெரியோர் ஆகியவை வகுப்பிற் பேசத் தக்கவை. உயிரை மாய்க்க எண்ணியோர் பற்றிய வினாக்களும் விடைகளும் இளம் பிள்ளைகளின் வகுப்புக் கணக்குக்கு உரியன அல்ல. அவை பயிற்சி பெற்ற ஆலோசகரின் கையில் இருக்க வேண்டியவை. சிறிய வகுப்பில் இருவர் மூவர் தந்த விடையைப் பிரித்துக் காட்டலாகாது. அது யார் என்று விரல்கள் நீளும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, இன்ன சமூகத்துப் பிள்ளை என்று கூறுபோட்டு வகுப்பில் ஒப்பிடலாகாது. விடை தர விரும்பாத பிள்ளையை வற்புறுத்தலாகாது. எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க ஆசிரியர் முயல்வது பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகும்.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்று. பாடம் முடிந்த பின் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி மேசையருகே வருமாயின், அதனைக் கேட்க ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். ஆசிரியரால் தாங்க முடியாததை எங்கே ஒப்படைப்பது என்பது முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கமும், மனநலத் துணைக்கு 1926 என்னும் இலக்கமும் நாட்டில் உள. இவை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் தமிழிலே எழுதப்பட்டிருக்க வேண்டாமா? கதவைத் தட்டச் சொல்லிவிட்டு, உள்ளே ஆளில்லாமல் இருந்தால், அது கேளாமலே இருந்ததிலும் கொடிது.

ஆசிரியர்க்கு ஏற்கெனவே சுமை மிகுதி என்பர் சிலர். உண்மையே. ஆனால், உறங்காத பிள்ளைக்கும், பசித்த பிள்ளைக்கும், அஞ்சி நடுங்கும் பிள்ளைக்கும் பாடத்தை ஏற்ற முயன்று தோற்பதுதான் ஆசிரியரின் பெருஞ்சுமை. காரணம் தெரிந்தால் பாதிச் சுமை இறங்கும். இந்தியாவில் தேசியக் கல்வி ஆய்வு, பயிற்சிக் குழுமத்தார் 2022 ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள 3,79,842 மாணவரை வினவினர். படிப்பும் பரீட்சையும் பெறுபேறுமே தம் மனக்கலக்கத்துக்குக் காரணம் என்று நூற்றுக்கு 81 பேர் கூறினர். கல்வியாற் பிள்ளைகள் கலங்குகின்றனர் என்றால், அதனை அறிய வேண்டிய முதல் மனிதர் ஆசிரியர் அல்லாமல் வேறு யார்?

வெளிப்படையாகப் பேசுவோம். ஆய்வின் முடிவுகளைப் பிள்ளைகள் முன் வைக்கத் தயங்குவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அது பிள்ளைகளைப் பற்றிய அச்சம் அன்று, பெரியோரின் வெட்கம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக 2017 ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், முந்திய ஒரு தவணையில் ஒரு முறையேனும் உடல் தண்டனைக்கு ஆளானதாக நூற்றுக்கு 80.4 மாணவர் கூறினர். நாற்பது பேர் வகுப்பில் முப்பத்திருவர்! பிரம்பு பிடித்த கையால் இந்த எண்ணைக் கரும்பலகையில் எப்படி எழுதுவது? உடல் தண்டனை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைப் பிள்ளை வளர்ப்புக்கு இலக்கணமாகக் கொண்ட நாம் நம் கடமையைச் செய்தோமா? அந்த எண்ணை எழுதிவிட்டு, இது இனி நம் வகுப்பில் நிகழாது என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் சாகும் வரை மறவார்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் கருத்தைக் கூறவும், அக்கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அதன் 12 ஆம் உறுப்புரை கூறுகின்றது. கருத்தைக் கேட்டுவிட்டு, அதன் முடிவைக் கேட்கப்பட்டவனிடமிருந்தே மறைத்து வைப்பது மதிப்பாகுமா?

ஆகவே, அரசாங்கத்தார் செய்ய வேண்டியவை சில உள. முதலாவதாக, ஒவ்வோர் ஆய்வின் முடிவும் ஏழாந் தரப் பிள்ளை தானே வாசித்து விளங்கத்தக்க எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் பாடசாலைகளுக்கு வந்து சேர வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 ஆம் ஆண்டிலே தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. ஆதலின் இதனைச் சலுகையாகக் கேட்கின்றோம் அல்லோம், சட்டத்தை நினைவூட்டுகின்றோம்.

இரண்டாவதாக, நாட்டுக்கு ஒரே எண் போதாது. மாவட்ட வாரியாகவும், மொழி மூல வாரியாகவும், நகரம், கிராமம், தோட்டம் என்னும் வேறுபாட்டின்படியும் முடிவுகள் தரப்பட வேண்டும். கொழும்பு மாவட்டம் என்றதும் செல்வச் செழிப்பே கண்முன் நிற்கின்றது. கொம்பனித்தெருவும் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வெள்ளவத்தையின் அடுக்குமாடியில் பரீட்சை அச்சத்தால் உறக்கமிழக்கும் பிள்ளையின் துன்பமும், கொம்பனித்தெருவில் இடமின்மையால் உறக்கமிழக்கும் பிள்ளையின் துன்பமும் ஒன்றல்ல. சராசரி என்னும் திரைக்குப் பின்னே ஏழையின் முகம் மறைந்து போகின்றது. திரையை விலக்குங்கள்.

மூன்றாவதாக, தமிழ் மொழி மூலப் பாடசாலைகளில் தமிழிலே ஆலோசனை கூறவல்ல, முறையான பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். தன் துயரத்தை அன்னிய மொழியில் மொழிபெயர்த்துச் சொல்லும்படி ஒரு பிள்ளையைக் கேட்பது அறமாகாது. தாய்மொழிக் கல்விக்கு நாம் போராடுவது பரீட்சை எழுதுவதற்காக மட்டும் அன்று. கண்ணீர் வரும்போது வாயில் வரும் மொழி அதுவே என்பதற்காகவும் ஆகும்.

நான்காவதாக, ஆய்வு எட்டாந் தரத்திலிருந்தே தொடங்குகின்றது. மாற்றம் ஆறாந் தரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. ஆறாம், ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற சிறிய வினாத்தாள் ஒன்று வகுக்கப்பட வேண்டும். புதிய கல்விச் சீர்திருத்தத்தை முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் தொடங்குவதாக அரசாங்கம் 2025 ஆம் ஆண்டில் அறிவித்தது. பாட அலகுகளை எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக. சீர்திருத்தம் என்பது பாட நேரத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும் அன்று. பிள்ளையைத் தெரிந்துகொண்டு அதற்குப் பாடம் வகுப்பதே சீர்திருத்தம்.

இவை எல்லாம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆசிரியப் பெருமக்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். அடுத்த வாரத்துக் கணித வகுப்பில் நூற்றுவீதம் கற்பிக்கும்போது ஓர் எண்ணை மாற்றி எழுதுவதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. பெற்றோருக்கும் ஒரு சொல். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், இன்று யாரோடு இருந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். கொம்பனித்தெருவிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், கடல் கடந்து ரொறன்றோவில் குடியேறிய நம்மவர் வீட்டிலாயினும், அந்த ஒரு கேள்விக்குப் பிள்ளை தரும் விடை பெறுபேற்று அறிக்கையில் இல்லாததைச் சொல்லும்.

இந்த மண்ணிலே இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டில் வந்தது. பாடசாலையின் வாசல் ஏழைக்கும் திறந்தது. அந்த வாசலுக்குள் நுழைந்த பிள்ளை, உள்ளே தான் ஒரு சுட்டெண் அல்ல, ஓர் உயிர் என்பதை உணர வேண்டாமா? அது மனம் திறந்து எழுதித் தந்த விடை அலுமாரியிலே தூசி படியக் கிடப்பது நமக்கு இழுக்கு. பிள்ளைகள் நம்மை நம்பிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அவர்களிடமே எடுத்துச் செல்வோம். அதனோடு, நாங்கள் கேட்டோம், இனி இதனைச் செய்யப்போகின்றோம் என்னும் சொல்லையும் எடுத்துச் செல்வோம். அச்சொல் இல்லாத ஆய்வு எத்தனை முறை நடந்தாலும் பயனில்லை.